வளையுற பல்லு

ஏ மாப்ளே, டீக்கடை பெஞ்சுல உக்காந்து புதுப் பல்செட்டக் கழட்டி, ரெண்டு வெரலால வளைச்சு வளைச்சு வேடிக்கை காட்டுறியாமே! கம்பி கெடையாதாம், கொக்கிகூட ஈறு நெறத்துல இருக்காம், கீழ போட்டாலும் ஒடையாதாம். அம்புட்டும் நெசந்தான். நைலான் வகையறா, லேசுல ஒடையாது. ஆனா கையில வளையுறது வாயிலயும் வளையுமே, அத ரோசிச்சியா?

கடவாப் பல்லுல முறுக்க வெச்சு ஒரு கடி கடிக்கிற. பழைய அக்ரிலிக் செட்டு வெறைப்பா நின்னு பாரத்தப் பரவலாத் தாங்கும். ஒன்னோடது, கயித்துக் கட்டில்ல ஒரல வெச்சு இடிச்ச கணக்கா, கடிச்ச எடத்துல அமுங்கும். அமுங்குன பாரம் ஈறு மேலதான எறங்கும்? நாளாக ஆக அடியில இருக்குற எலும்பு கரையும். வேகவெச்சு இறுக்குற அக்ரிலிக்குக்கு வெறைப்பு 2000 மெகாபாஸ்கலுக்குக் கொறையக் கூடாதுன்னு, உலகத்துக்கே தரம் வகுக்குற ஐஎஸ்ஓ-காரன் கோடு போட்டிருக்கான். நைலான்ல பல வகை அந்தக் கோட்டத் தொடுறதே இல்ல.

அடுத்து அந்தப் பளபளப்பு. அக்ரிலிக்க வழவழன்னு தேய்ச்சு எடுத்துரலாம். நைலான் சூட்டுக்கு எளகுற சாதி, தேய்க்கத் தேய்க்க நார்நாராப் பிசிறும். சொரசொரப்பு 0.2 மைக்ரானுக்கு மேல போனா, அதாவது ஒரு மில்லிமீட்டர அஞ்சாயிரமாக் கூறு போட்டதுல ஒரு கூறு, அழுக்கு கூடுதலா ஒட்டும். கேண்டிடாங்கிற பூஞ்சை அங்கதான் குடியேறும். நீயோ வெத்தலையும் விடமாட்ட, மஞ்சக் கொழம்பும் விடமாட்ட. போதாக்கொறைக்குப் பல்பொடி போட்டுப் பரபரன்னு வேற தேய்க்கிற. செவசெவன்னு ஆன பெறகு டாக்டரத் திட்டாத!

இன்னொண்ணு. அக்ரிலிக் பல்லு அக்ரிலிக்கோட ஒட்டிப் பிடிச்சுக்கும், நைலானோட ஒட்டாது. பல்லுல ஓட்ட போட்டு, உருக்குன நைலான அதுக்குள்ள பாய்ச்சிப் பூட்டு போட்டிருப்பாக. பூட்டு நழுவுனா நம்மூருல ஒக்கிட்டுக் குடுக்க ஆளத் தேடணும்.

ஒரேயடியா வேணாம்னு சொல்லல. முன்னால ஒண்ணு ரெண்டு பல்லுக்கு நல்லாத்தான் இருக்கும். அக்ரிலிக்கோட மூலச்சரக்கான மோனோமர் ஒத்துக்காதவுகளுக்கும் அது தோது. ஒனக்குக் கீழ்ப்பக்கம் கடவாப் பல்லே ஒண்ணுமில்லையே, அதான் கேக்கேன்.

ராத்திரி கழட்டித் தண்ணியில போடு, மெதுவான பிரஷ்ஷால தேய். கொக்கி வெளிய தெரியுமான்னு மட்டும் டாக்டரம்மாகிட்டக் கேட்டா எப்படி? கடிக்கிற பாரம் எது மேல எறங்கும்னு கேளு மாப்ளே.