முள்ளிவாய்க்கால் நீர்த்தாரை: ஓர் அளவையியல் ஆராய்ச்சி

படகு மோட்டரின் பின்புறத்தில், பென்சில் முனை நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. இஞ்சின் ஓடும்போது அதிலிருந்து ஒரு தாரை நீர் பீறிட்டுக் கடலுக்கே திரும்பி விழும். நீர்த்தாரை என்ற சொல்லை மருத்துவ நூலார் எந்த உறுப்புக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்தே இங்கு அதை ஆள்கிறேன். அந்தத் துளையைப் பார்த்தவருக்கு வேறு உவமை தேட வேண்டியிராது. முள்ளிவாய்க்கால் என்ற பெயரைக் கேட்டால் வெளியூராரின் நினைவு 2009 மே மாதத்து இறுதிப் போரோடு நின்றுவிடுகிறது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த ஒடுங்கிய மணல்திட்டில் இன்றைக்கும் தொழிலுக்குப் போகிறவர்கள் படகைத் தள்ளி, கயிற்றை இழுத்து, இஞ்சின் பற்றியதும் கண்ணை வைக்க வேண்டிய இடம் இந்தத் துளைதான். இவ்வாராய்ச்சியின் துணிபு இது: தண்ணீர்ப் பம்பு திருத்துதல் இயந்திரவியலின் பாற்பட்டதன்று, அளவையியலின் பாற்பட்டது. ஸ்பானர் அதில் கடைசியாக வரும் கருவி.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அறியும் வழியாகிய அளவை, அதாவது பிரமாணம், இரண்டே என்கிறார்: காண்டல், கருதல். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று கருதுவது இரண்டாவது வகை. நம் மோட்டரில் புகையின் இடத்தில் தாரையும் நெருப்பின் இடத்தில் குளிர்ச்சியும் நிற்கின்றன. தாரை உண்டு, ஆகவே இஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்பது அனுமானம். இது செல்லுமா என்று பார்க்கப் பம்பின் உள்ளே போக வேண்டும். விசிறிக்கு மேலே, கியர்ப் பெட்டியின் தலைமாட்டில், இறப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதுதான் இம்பெல்லர். அது உட்கார்ந்திருக்கும் கிண்ணம் மையம் விலகியது. ஆகவே இதழ்கள் ஒரு பக்கம் மடங்கியும் மறுபக்கம் நிமிர்ந்தும் சுற்றும். நிமிரும்போது நீரை வாங்கி, மடங்கும்போது மேலே தள்ளும். அந்நீர் ஒரு குழாய்வழி ஏறி, சிலிண்டரைச் சுற்றி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. ஆனால் துளைக்கு வருவது அந்த நீரின் ஒரு சிறு கிளை மட்டுமே. பல மோட்டர்களில் அக்கிளை நீர் முழுச் சுற்றையும் முடிக்கும் முன்பே பிரிந்துவிடும். பம்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்பதற்கு அது கேள்விப்பட்ட சாட்சி.

இனி நான்கு நிலைகள் பிறக்கும். தாரையும் உண்டு, குளிர்ச்சியும் உண்டு எனில் எவரும் ஆராய்ச்சி செய்யார். இரண்டும் இல்லை எனில் இஞ்சினை நிறுத்தித் துடுப்பை எடுப்பதே முறை. ஆராய்ச்சிக்கு உரியவை நடுவில் உள்ள இரண்டு. தாரை இல்லை, இஞ்சினோ குளிர்ந்திருக்கிறது: இங்கே குற்றவாளி துளை. மணலோ உப்போ அதை அடைத்திருக்கும். ஒரு மெல்லிய கம்பி போதும். கம்பி குத்துவோரைப் படித்த மெக்கானிக்குகள் ஏளனம் செய்வதுண்டு. ஆனால் பம்பைக் கழற்றும் முன் சாட்சியின் வாயைத் திறந்து பார்ப்பது எந்த நீதிமன்றத்திலும் முதற்படி. மற்றது கொடிது: தாரை அழகாக வருகிறது, இஞ்சினோ கொதிக்கிறது. தெர்மோஸ்டாட் உப்பேறி இறுகியிருக்கலாம். அல்லது முன்பு உடைந்த இம்பெல்லரின் இதழ் ஒன்று நீரோடு மேலேறி உள்வழியில் சிக்கியிருக்கலாம். புது இம்பெல்லர் போட்டும் சூடு தணியாத மோட்டர்கள் பலவற்றின் மர்மம் இதுவே. பழையதில் ஆறு இதழ் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தால், மற்ற இரண்டும் எங்கே என்று கேளாமல் பெட்டியை மூடுபவர் திருத்தவில்லை, ஒளித்துவைக்கிறார். குளிர்ந்த இஞ்சினிலும் கொதிக்கும் இஞ்சினிலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை அதே காதை அநைகாந்திகம் என்று பெயரிட்டு ஏதுப்போலிகளில் வைக்கிறது. தாரைக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பு இல்லை. ஆகவே கருதலைக் காண்டலால் சோதிக்க வேண்டும். காண்டல் என்பது ஐம்பொறிக்கும் பொது என்பதால், சிலிண்டர் தலையில் வைக்கும் உள்ளங்கையும் பிரமாணமே. எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்பதே அதன் அலகு.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். இவ்வளவு தருக்கம் எதற்கு, கைநூல் சொல்லும் காலத்தில் இம்பெல்லரை மாற்றிவிட்டால் தீர்ந்ததே என்பர். கைநூல் தெளிந்த நீரை மனத்தில் வைத்து எழுதப்படுவது. 1909இல் ஓலே எவின்ரூட் தம் மோட்டரை விற்கத் தொடங்கியது அமெரிக்காவின் ஏரிக் கரையில். யமஹா தன் முதல் படகு மோட்டரை 1960இல் கொண்டுவந்தது. இருவருமே வாடைக் காலத்து முல்லைத்தீவுக் கடலைக் கணக்கில் எடுத்தவர்களல்லர். துறைமுகம் இல்லாத கரையில் படகு அலைக்குள் தள்ளப்படும்போது விசிறி கிளப்பும் மணல் நேரே பம்புக்குள் போகும். அந்த மணல் இதழையும் கிண்ணத்தையும் அரம்போல் அராவும். காலண்டர் அளப்பது நாட்களை, மணலை அன்று. அன்றியும் 2022 ஓகஸ்டில், படகு மோட்டருக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய நாட்டில், ஓடுகிற இம்பெல்லரைத் தேதி பார்த்து எறியச் சொல்வது அறிவுரை ஆகலாம், நடைமுறை ஆகாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி கற்ற சிக்கனம் வேறு இருக்கிறது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. ஒருபக்கம் வளைந்து இறுகிய இம்பெல்லரைப் புரட்டிப் போட்டால் புதிதாகும் என்ற கொள்கையை ஏற்பதற்கில்லை. நெடுநாள் ஒருபுறம் மடங்கிய இறப்பரை மறுபுறம் மடக்கினால் அது அடியில் வெடிக்கும். மோட்டரைத் தண்ணீர் இல்லாமல் வாடி வாசலில் ‘சும்மா ஒருக்கால்’ ஓட்டிப் பார்ப்பதும் அவ்வகையே. இறப்பருக்கு நீர்தான் எண்ணெய். நல்ல தண்ணீர் நிறைந்த ஒரு பரல் இருந்தால் சோதனையும் ஆகும், உப்புக் கழுவலும் ஆகும்.

ஸ்பானரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது முறையன்று. கியர்ப் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உப்பில் ஊறி அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டவருக்குத் தலை மட்டும் கையோடு வரும். எல்லாம் கழன்று இம்பெல்லர் வெளியே வரும் கணத்தில், அதைத் தண்டோடு பிணைக்கும் அரைநிலா வடிவக் கீ, நகத்தளவு உலோகம், மணலில் விழும். மணிமேகலையிலேயே முன்பு வரும் அளவைவாதியின் பத்துப் பிரமாணங்களில், இல்லாமையை அறியும் அபாவமும் ஒன்று; அடிகள் அதைத் தனியே எண்ணவில்லை. கீ விழுந்த இடத்தில் குந்தியிருப்பவர் அளவைவாதியின் பக்கமே நிற்பார். காந்தம் கொண்டுவரச் சொல்வோர் உண்டு. துருப்பிடிக்காத எஃகுக் கீ என்றால் காந்தம் பெரும்பாலும் அதைச் சட்டை செய்யாது. அரிதட்டு வேண்டும்.