பதினெட்டுப் பேரும் ஒரு கேரவனும்

2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் உள்ள வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றலாம், இரவில் வண்டியை நிறுத்திக்கொள்ள கேரவன் பூங்காக்கள் வரும் என்றார்கள். அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் பூங்கா திறந்தார்கள். எங்கள் பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் ராயல்டி கேட்டிருப்பார். 1982 கோடை விடுமுறையில், திருநெல்வேலியிலிருந்து ஒரு மெட்டடார் வேனில், இதே திட்டத்தை அவர் நடத்திக் காட்டியாயிற்று. கழிவறை மட்டும் கிடையாது. பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

வேனுக்குள் பதினெட்டுப் பேர். அதில் ஒருவர் தவசுப்பிள்ளை. சுற்றுலாவுக்குச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு போவது அன்று ஆடம்பரம் இல்லை, சிக்கனம். புழுங்கலரிசி மூட்டை, இரண்டு பம்ப் ஸ்டவ், மண்ணெண்ணெய் டின், இட்லிக் கொப்பரை, ஊறுகாய் ஜாடி என்று வீடே ஏறியிருந்தது. ஆட்டுரலை விட்டுவிட்டு வந்ததில் ஆச்சிக்குக் கடைசிவரை வருத்தம். சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, களியக்காவிளை செக்போஸ்ட், அப்புறம் திருவனந்தபுரம். அங்கே சில நாள் தங்கிவிட்டுக் குருவாயூர் என்பது பெரியப்பா போட்ட திட்டம். களியக்காவிளையில் பெர்மிட் வாங்க டிரைவர் அண்ணாச்சி போனால் திரும்பி வர ஒரு சமையல் முடிந்துவிடும். முடிந்தது. சாலையோரத்தில் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுத்தான் கேரளத்துக்குள் நுழைந்தோம்.

ஆச்சி பிறந்தது தக்கலையில், மகாராஜா காலத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆச்சி சேரவில்லை. அவளுக்குத் தலைநகரம் என்றால் திருவனந்தபுரம்தான். ஆண்களுக்கு ஊர் பார்ப்பது என்றால் கோயில், மியூசியம், கோவளம். ஆச்சிக்குச் சாலைக் கம்போளம். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது உருவான கடைத்தெரு, கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை போகிறது. பாதிக் கடைகளில் தமிழ் பேசினால் தமிழிலேயே பதில் வரும், கடனும் கிடைக்கும்.

தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஆச்சியோடு போவது என் வேலை. கத்தரிக்காய் மூட்டையில் திருநெல்வேலி மார்க்கெட் முத்திரையைப் பார்த்துவிட்டு, “ஆச்சி, இது நம்ம ஊர்க் காய்லா” என்றேன்.

“இருந்தா என்னல? இங்கன வந்து வாங்குனாத்தான் ருசி.”

அந்தத் தெருவில்தான் ஆ. மாதவன் பாத்திரக் கடை வைத்திருந்தார். ‘கிருஷ்ணப் பருந்து’ எழுதியவர், பின்னாளில் 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கோ அப்போது அங்கே நேந்திரங்காய் வறுக்கிற மணம்தான் தெரிந்தது.

துணி துவைக்கக் கரமனை ஆறு. உலர்த்த நேரமில்லாத நாளில் ஈரத்துணியை வேன் மேலிருந்த கம்பிகளில் கட்டிவிட்டுப் புறப்பட்டோம். எட்டு முழ வேட்டிகள் கொடிகளாகப் பறக்க வேன் செகரட்டேரியட் முன்னால் போனபோது ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த வாசலில் என்றைக்கும் ஏதாவது சமரம் நடந்துகொண்டிருக்கும். எங்களையும் ஒரு கட்சி என்று எண்ணியிருப்பார்கள். கோட்டைக்குள் மேத்தன் மணிக் கடிகாரத்தைப் பலமுறை பார்த்ததும் இப்படி வேலைக்கு நடுவில்தான். மணியடிக்கும்போது தாடிக்காரர் வாய் திறப்பார், இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். மண்ணெண்ணெய் தேடிப் போன சித்தப்பா திரும்பி வருகிற வரைக்கும் கிடாக்கள் முட்டிக்கொண்டே இருந்தன. நேப்பியர் மியூசியத்துக்குப் பெண்கள் போனது சிலை பார்க்க அல்ல. 1880-இல் கட்டி முடித்த கட்டடம், வரைந்தவர் சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய சிஸம். மின்விசிறி இல்லாமலே உள்ளே குளிரும். பெரியம்மா ஒரு நடராஜர் எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் தூங்கினாள்.

சரி, கழிவறை. தம்பானூர் பக்கம் ஒரு லாட்ஜில் பெரியப்பா ஒரே ஓர் அறை எடுத்தார். பதினெட்டுப் பேரும் வரிசையாக ஏறி இறங்குவதைக் கண்ட மேனேஜர் மறித்து, ஓர் அறைக்கு இரண்டு பேர்தான் என்றார். “நாங்களும் ரெண்டு ரெண்டு பேராத்தானய்யா போறோம்” என்றார் பெரியப்பா.

போன வருஷம் மருமகன் கொச்சியிலிருந்து ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து எங்கள் ஊருக்கு வரவழைத்தார். அவர் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவர், எதிலும் ஏற்பாடு பிசகாதவர். “மாமா, இனிமே ஹோட்டல் தேட வேண்டாம், சாப்பாடு தேட வேண்டாம், பாத்ரூம் தேட வேண்டாம்” என்றார். நாங்கள் நான்கு பேர். நாலு படுக்கை, ஏசி, ஃப்ரிட்ஜ், டிவி, ஷவர். நம் ஊரில் சினிமா நட்சத்திரம் இறங்கி வருகிற வண்டி. களியக்காவிளைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கண்டு ஏமாந்தார்கள். வரி, பெர்மிட்டெல்லாம் மொபைலிலேயே கட்டியாகிவிட்டதால் அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

முதல் அதிர்ச்சி டிரைவரிடமிருந்து வந்தது. “சாரே, டாய்லெட் எமர்ஜென்சிக்கு மாத்ரம். டாங்க் நிறைஞ்ஞால் காலி செய்ய வேற ஸ்தலம் இல்லா.” நியாயம்தான். ஓடையில் திறந்துவிட்டால் அபராதம். நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் முட்டத்தறையில் இருக்கிறது, நாளுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவு. மருமகன் பத்மநாபசுவாமி கோயிலைக் குறிக்கும் முன்பே அதைத்தான் கூகுள் மேப்பில் குறித்துவைத்தார். ஆகவே தங்கம்போல் மின்னுகிற கழிவறையைச் சுமந்துகொண்டு, பெட்ரோல் பங்க் கழிவறைகளில் இறங்கி இறங்கிப் போனோம்.

கிழக்கேகோட்டையில் வண்டியை நிறுத்தவே விடவில்லை. மாநகராட்சியின் அடுக்கு வாகன நிறுத்தங்கள் கேரவனுக்கானவை அல்ல. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது விமான நிலையத்தின் ஓடுபாதையையே சில மணி நேரம் மூடுகிற ஊர் அது. சாமிக்கு ஓடுபாதை கிடைக்கிறது. எங்களுக்கு ஒரு மர நிழல் கிடைக்கவில்லை. கடைசியில் கோவளம் பைபாஸ் பக்கம் ஒரு ஹோட்டலின் பின்முற்றத்தில் வாடகை கொடுத்து நிறுத்தினோம். அறை வாடகையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அங்கிருந்து கோயிலுக்கும் மியூசியத்துக்கும் ஆட்டோ.

ஹோட்டலே வேண்டாம் என்று கேரவன் எடுத்து, கேரவனுக்கு ஒரு ஹோட்டல் எடுத்திருக்கிறோம் என்று என் மனைவி கணக்குச் சொன்னாள். மருமகன் கேட்டது போலக் காட்டிக்கொள்ளவில்லை.

மளிகைக்கு ஆப் இருந்தது. முகவரி கேட்டபோதுதான் சிக்கல். ஹோட்டல் வாசலுக்கு வந்த பையன் அறை எண் கேட்டான்; பின்னால் நிற்கிற வண்டி என்றதும், வண்டிக்காரர்கள் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளணும் என்று காவலாளி சொல்லிவிட்டார். கத்தரிக்காய் வந்தது. எந்த ஊர்க் காய் என்று கேட்க ஆளில்லை.

கோயிலுக்குப் போனபோது மருமகன் முக்கால் டவுசரில் இருந்தார். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் உள்ளே போகணும் என்ற விதி 1982-இல் எங்களுக்கு விதியாகவே தெரியவில்லை, பேன்ட் போட்ட டிரைவர் அண்ணாச்சிக்கு மட்டும்தான் அது இடித்தது. 2011-இல் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபின் காவல் பலமடங்கு. ஒற்றைக்கல் மண்டபத்துக்கு அப்பால் மூன்று வாசல்களில் மூன்று பகுதியாகத் தெரிகிற பெருமாள் மட்டும் அப்படியே படுத்திருக்கிறார்.

ஏசிதான் பெரும்பாடு. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் ஓடும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் போடணும். அதன் சத்தத்தில் தூங்க முடியாது. ஹோட்டல் பிளக் எட்டவில்லை. 16 ஆம்பியர் பிளக்கும் நீள ஒயரும் வாங்க நானே ஆட்டோ பிடித்துச் சாலைக் கம்போளம் போனேன். பயணத்தில் எனக்குப் பிடித்த ஒரு மணி நேரம் அதுதான். கடைக்காரர் நாகர்கோவில் தமிழில், “வீட்டுக்கா, கடைக்கா?” என்றார். வண்டிக்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்து வெட்டினார்.

கோவளத்தில் அன்று ஆச்சி வெள்ளைக்காரர்கள் வெயில் காய்வதைக் கண்டு முகத்தை மூடிக்கொண்டு, முந்தானை இடுக்கு வழியாக முழுவதும் பார்த்தாள். இன்று அங்கே நின்றால் விழிஞ்ஞம் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள்தான் கண்ணை இழுக்கின்றன. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம். ஒரு கப்பலில் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அடுக்கி நிறுத்தத் தெரிந்த கரையிலிருந்து, ஒரு பெட்டியை நிறுத்த இடம் தேடியவர்களாகக் கொச்சிக்குத் திரும்பினோம்.

வண்டியிலேயே தூங்கணும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020-இல் மூணாறில் பழைய பேருந்துகளைப் படுக்கையறைகளாக மாற்றியது. தொடக்கத்தில் ஒரு படுக்கைக்கு நூறு ரூபாய். அவை ஓடாது. அதுதான் அவற்றின் வசதி. திருவனந்தபுரம் பார்க்க வேண்டுமானால் நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறுங்கள், தம்பானூரில் இறங்குங்கள், பையில் ஒரு வேட்டி இருக்கட்டும். பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் வடிவமைத்த வட்டக் காபி ஹவுஸில் சுற்றிச் சுற்றி ஏறிக் காபி குடியுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்: மியூசியம், மிருகக்காட்சிசாலை, புத்தன்மாளிகை அரண்மனை மூன்றும் அன்று விடுமுறை. சாலைக் கம்போளம் திறந்திருக்கும்.