‘சார், வீட்ல இருக்கீங்களா?’: ஒரு வினா விசாரம்

பார்சல் கொண்டுவரும் தம்பிமார், வாசலுக்கு வந்து சேருமுன் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைப்பது தகுமா, தகாதா என்னும் இந்தப் பெரும் விஷயம், தாம்பரம் தொடங்கிச் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஈறாக உள்ள பிரதேசங்களில் நாள் தவறாமல் வீட்டுக்கு வீடு சச்சரவாக எழுந்து அடங்குகிறதே ஒழிய, பிரமாணங்களை முன்வைத்து முறைப்படி ஆராய்ந்து ஒரு சித்தாந்தம் கண்டோர் எவரையும் நான் அறியேன். பணி ஓய்வு பெற்றவன், மாடி வீட்டில் குடியிருப்பவன், முழங்கால் வலி உள்ளவன் என்ற மூன்று வகையாலும் இவ்வாராய்ச்சிக்கு அதிகாரி என்று என்னை நானே நியமித்துக்கொண்டு இதில் இறங்குகிறேன்.

அழைக்கவே கூடாது என்பது பூர்வபட்சம். எங்கள் கீழ்வீட்டு நண்பர் அந்தக் கட்சிக்குத் தலைவர். காசு கொடுத்து அழைப்புமணி மாட்டியிருப்பது எதற்கு என்பது அவருடைய முதல் கேள்வி. மத்தியானம் இரண்டரை மணிக்கு, ரசஞ்சாதம் வயிற்றில் இறங்கிக் கண் சொருகும் வேளையில் தலைமாட்டில் போன் அலறுவது எந்த தர்மத்தில் சேர்ந்தது என்பது இரண்டாவது. மூன்றாவதாக அவர் சொல்வது அலட்சியம் செய்யத்தக்கதன்று: உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில், பார்சல் கொண்டுவந்த பிள்ளையின் அழைப்புக்கும் கயவனின் அழைப்புக்கும், எடுத்துப் பேசுமுன், பேதம் காண வழியில்லை. இவ்வளவும் சொல்லும் அந்த நண்பர், தமக்கு வரவேண்டிய பார்சல் ஒருநாள் தாமதித்தால், ‘ஒரு போன் பண்ணக் கூடாதா இந்தப் பசங்க?’ என்று கேட்டிற்கும் வாசற்படிக்குமாக நடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நிற்க. அந்த அழைப்பு எத்தன்மையது என்று தெரியாமல் அதைக் கண்டிப்பதோ ஆதரிப்பதோ பொருந்தாது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினா அறுவகைப்படும் என்று வகுத்துப்போனார். அந்த ஆறும் ஒரு பார்சல் அழைப்புக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ‘சார், வீட்ல இருக்கீங்களா?’ என்னும் தாய்வினா, கொடுக்கும் பொருட்டுக் கேட்கப்படுதலால் கொடை வினா. அதே வினாவை, மாடியில் மின்விசிறி சுழல்வதையும் படியடியில் செருப்பு கிடப்பதையும் பார்த்துக்கொண்டே வாசலில் நின்று கேட்டால், தெரிந்தே கேட்பதாகையால் அறிவினா. ‘மேப்பு இங்கதான் காட்டுது, இது எந்தத் தெரு சார்?’ என்பது கலப்பற்ற அறியா வினா. ‘மாடியா, கீழ் வீடா?’ என்பது ஐய வினா. ‘ஓடிபி வந்திருக்கா சார்? முன்னூறு ரூபா சில்லறையா இருக்கா?’ என்பது பெறும் பொருட்டுக் கேட்பதாகையால் கொளல் வினா. எஞ்சி நிற்பது ஏவல் வினா: ‘கொஞ்சம் தெருமுனைக்கு வர்றீங்களா?’ என்பதைக் காட்டிலும் சுத்தமான உதாரணம் உரையாசிரியர்களுக்கும் கிட்டியிருக்காது.

விடைகளோ எட்டு. அந்த ஏவல் வினாவுக்கு, ‘நீங்களே மேல வாங்க தம்பி’ என்றால் ஏவல் விடை. ‘முழங்கால் வலிக்குது’ என்றால் உற்றது உரைத்தல். ‘இறங்கினா வலிக்குமே’ என்றால் உறுவது கூறல். ஏனைய ஐந்தையும் வாசகர் தம் வீட்டிலேயே கேட்டறியலாம்.

இவ்வழைப்பு நூதனமானது என்று எண்ணுவோர் தபால்காரரை மறந்தவர்கள். ‘சார், போஸ்ட்!’ என்று தெருவில் நின்று அவர் கொடுத்த குரல் தொல்காப்பியர் விளி மரபு என்று தனி இயலே வகுத்த விஷயத்தைச் சேர்ந்தது. குரல்வளையிலிருந்து கைபேசிக்கு அது குடிபெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. தபால்காரர் ஒரே பீட்டில் வருஷக்கணக்காக நடந்தவர். இன்னார் மகன் பம்பாயில் இருக்கிறான், இன்னார் மணியார்டருக்குக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தன. முகவரி என்பது அவருக்கு ஒரு ஞாபகக் குறிப்பு மாத்திரமே. இன்று வரும் தம்பியோ போன வாரம் வேறு பேட்டையில் ஓடியவர், அடுத்த வாரம் எங்கிருப்பாரென்று அவருக்கே தெரியாதவர். தபால்காரரின் ஞாபகம் செய்த வேலையை இப்போது நம்முடைய வாய் செய்யவேண்டியிருக்கிறது. அழைப்பின் மூலகாரணம் இதுவே.

போதாக்குறைக்கு எங்கள் ஊரின் அமைப்பு. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியை உண்டாக்கியபோது, அதுவரை ஊருக்கொருவராகத் தெருவில் நின்ற காந்தியும் பாரதியும் காமராசரும் ஒரே மாநகராட்சிக்குள் பலராகப் பெருகிவிட்டார்கள். மனை எண் ஒன்று, கதவு எண் வேறொன்று. நகரின் பெயரோடு ‘விரிவு’ என்றொரு வால். எல்லாவற்றையும் ரயில் பாதை கிழக்கென்றும் மேற்கென்றும் இரண்டாகக் கிழித்திருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15-இல் அஞ்சல் குறியீட்டு எண்ணை நமக்களித்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் சம்ஸ்கிருதக் கவியுங்கூட. அவர் வகுத்த முறையின்படி மேற்குத் தாம்பரம் 600045, கிழக்கு 600059 என்று ஐயத்துக்கிடமின்றிப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் முகவரி எழுதுவோர் எண்ணைப் பிழையாக எழுதிவிட்டு, ‘தண்ணி டேங்க் எதிரில்’ என்பதை மட்டும் பிழையின்றி எழுதுகிறார்கள்.

சென்ற ஐப்பசியில் எனக்கு ஒரு குக்கர் கேஸ்கட் வரவேண்டியிருந்தது. போன் வந்தது. ‘சார், உங்க தெருவுலதான் நிக்கிறேன், வீட்டக் காணோம்’ என்றார் தம்பி; ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகியிருந்தபடியால் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. பின்னணியில் நீளமாக ஒரு ஊதல், அதைத் தொடர்ந்து மின்சார ரயில் தடதடக்கும் ஓசை. புகை உள்ளவிடத்து நெருப்பு உண்டு என்னும் தர்க்க நூலாரின் அநுமானப்படி, ரயிலோசை உள்ளவிடத்துத் தண்டவாளம் உண்டு. எங்கள் தெருவில் கேட்கக்கூடியது விமானப் படைத் தளத்து ஹெலிகாப்டர் இரைச்சலேயன்றி ரயிலன்று. ஆதலால் தம்பி நிற்பது எங்கள் தெருவன்று. ‘வெஸ்ட்ல நிக்கிறீங்க தம்பி, இது ஈஸ்ட்டு’ என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அரைமணி கழித்து, சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கேஸ்கட்டை நீட்டியவர், ‘எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?’ என்று கேட்டார். மோர் கொடுத்தேன். அந்த அழைப்பு இல்லாதிருந்தால், ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்ற வாசகத்தோடு கேஸ்கட் கிடங்குக்குத் திரும்பியிருக்கும். நானோ அந்நேரம் முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன்.

2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்றொன்றைக் கொண்டுவந்து, தேசம் முழுவதையும் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாக அறுத்து, கட்டம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக்குறி அளித்திருக்கிறது. இனி அழைப்புக்கு அவசியமில்லை என்று கீழ்வீட்டு நண்பர் குதூகலித்தார். ஆனால் அவர் தலைக்கு நேர் மேலே நான் குடியிருக்கிறேன். அக்கட்டங்களுக்கு உயரம் கிடையாது. அவருக்கும் எனக்கும் ஒரே குறி. ஐய வினா அப்படியே நிற்கிறது.

ஆகையால், அழைத்தல் தகும் என்பதே என் முடிபு. ஒரு தரம் அழைக்கலாம்; வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழைக்கவேண்டும்; ஏவல் வினாவை அறுபது வயது கடந்தோரிடம் பிரயோகிக்கலாகாது. வாடிக்கையாளரும் சும்மா இருக்கவேண்டாம்: பார்சல் வரும் நாளில் போனை எடுங்கள், முகவரியின் கடைசியில் ‘மாடி’ என்றோ ‘கீழ்’ என்றோ ஒரு சொல் சேருங்கள், ‘ஐயங்கார் பேக்கரி அருகில்’ என்று எழுதியிருப்பவர்கள், அந்த பேக்கரியை மூடி மூன்று வருஷமாகிவிட்டபடியால், தயவுசெய்து அதை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.