ஃப்ரீசரில் ஒரு டப்பா

லண்டனில் நாய் வளர்க்க வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும், பூனைக்கும் அப்படியே. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் நத்தையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பறை நத்தைகள் பெருகிப்போய் பள்ளியில் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்ப, இரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தன. ஆப்பிரிக்க ராட்சச நத்தைகள். வளர்ந்தால் ஓடே 20 சென்டிமீட்டர் வரை போகும்.

பெயர் பரமு, வேலு. குரைக்காது, சோபாவைக் கிழிக்காது. பகலெல்லாம் மண்ணுக்குள் தூக்கம். ராத்திரியானால் வெள்ளரிக்காயைச் சுரண்டும் சத்தம் கேட்கும்; நாக்கில் ஆயிரக்கணக்கான பல்லாம். ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வைக்க வேண்டும். நாங்களோ முட்டைகூட வாங்காத பாலக்காட்டுச் சைவம். மனைவி அதை இடுக்கியில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிக்குள் போடுவாள்.

பாலக்காட்டில் என் மாமியாருக்கு இதே நத்தை பரம வைரி. அவர் வளர்க்கும் பப்பாளியை அதுதான் சாப்பிடுகிறது. புகையிலைக் கஷாயத்தில் மயில்துத்தம் கலந்து தெளிப்பார், அவசரத்துக்கு உப்பு. 1847-இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்த நத்தைகள் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்தியாவில் கதை அங்கே தொடங்கியது என்று மாமியாரிடம் சொன்னேன். "அவனுக்கு வேற ஜோலியே இல்லையா?" என்றார். பேத்திக்கும் அதே ஜோலிதான் என்பதை நான் சொல்லவில்லை.

அமெரிக்காக்காரன் உஷார். 1966-இல் ஹவாயிலிருந்து ஒரு சிறுவன் கொண்டுவந்த மூன்று நத்தைகளைப் பாட்டி மயாமி தோட்டத்தில் விட்டுவிட, ஒழித்துக்கட்டப் பல ஆண்டுகளும் ஏராளமான டாலர்களும் ஆயின. அங்கே அனுமதியில்லாமல் வளர்க்கவே கூடாது. பிரிட்டனில் வளர்க்கலாம், வெளியே விடத்தான் கூடாது.

எல்லாம் பரமு முட்டையிடும்வரைதான். "பரமு ஆம்பளையாச்சே!" என்றாள் மகள். ஒரே உடம்பில் இரண்டும் உண்டு என்றதும், அர்த்தநாரி என்று பெயரை மாற்றினாள். வேலுவும் அதே கட்சிதான் என்பது அடுத்த மாதம் தெரிந்தது. ஒரு ஈடுக்கு நூற்றுக்கணக்கில் முட்டை. பொரிவதற்குள் ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு குப்பையில் போட வேண்டும், அதுதான் முறை. துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் டப்பா ஏறியது.

போன வாரம் மாமியாருடன் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே மனைவி தேங்காய் எடுக்க ஃப்ரீசர் கதவைத் திறந்தாள்.

"என்னடி அது டப்பால? ஜவ்வரிசியா?"

"ஆமாம்மா."

"ஃப்ரீசர்ல ஏன் வச்சிருக்கே?"

"இங்கே அப்படித்தாம்மா."

மாமியார் ஜூனில் வருகிறார். அதைக் காலி பண்ண வேண்டாம், வந்ததும் கூழ் காய்ச்சி வடாம் இட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். லண்டனில் வெயில் போதுமா என்பதுதான் அவர் கவலை.