முதலாளி வண்டி

எங்கள் மில் முதலாளியிடம் ஒரு பென்ஸ் இருந்தது. எண்பதுகளின் கோயம்புத்தூரில் ஒருவரைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். மேற்கொண்டு சொத்து விவரம் யாரும் கேட்கமாட்டார்கள். கம்பெனி வைத்த மாடல் எண் டபிள்யூ 123. டிக்கி மேல் பதித்திருந்தது 240 டி. ஊர் வாயில் அது 'முதலாளி வண்டி'. காலைச் சங்கு ஊதிக் கால் மணி நேரம் கழித்து வரும். கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. அவினாசி ரோட்டில் திரும்பும்போதே அந்த டீசல் இன்ஜினின் கடகடப்பு வாட்ச்மேனுக்குக் கேட்டுவிடும். ஆபீசில் என் அப்பா உட்பட எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வண்டிக்கா முதலாளிக்கா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. முதலாளி வெளியூரில் இருக்கும்போது டிரைவர் வெறும் வண்டியைக் கொண்டுவந்த நாட்களிலும் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

அப்பா ஒருமுறை அதில் போயிருக்கிறார். சம்பளப் பணம் எடுக்க பேங்குக்குப் போகவேண்டிய அன்று மில் ஜீப் படுத்துவிட்டது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், மடியில் பணப் பையோடு உட்கார்ந்து வந்தார். "குலுங்கவே இல்லடா" என்று ரிட்டயர் ஆன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். பையில் எவ்வளவு இருந்தது என்பது மறந்துவிட்டது. சீட்டின் நிறம் மறக்கவில்லை.

வெளிநாட்டுக் கார் அப்போது நினைத்ததும் வாங்கக்கூடிய பொருளல்ல. லைசென்ஸ் வேண்டும், அது கிடைத்தால் வண்டி விலைக்கு மேல் சுங்கத் தீர்வை கட்டவேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது. டெல்லியில் தூதரக அதிகாரி யாராவது ஓட்டி முடித்துவிட்டு ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் காரை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். ஆளைப் பிடித்து அதை வாங்கிவிடுவது. முதலாளியின் வண்டி அப்படி வந்ததுதான். ஊரே வாய்பிளந்து பார்த்த அந்த 'புது' பென்ஸ், செகண்ட் ஹேண்ட்.

எழுந்து நின்றவர்களுக்குத் தெரியாத இன்னொரு சேதியும் உண்டு. அதே வருடங்களில் ஜெர்மனியில் 240 டி என்றால் டாக்ஸி. வெளிர் தந்த நிறத்தில் ரயில் நிலைய வாசல்களில் வரிசையாக நிற்கும். 72 குதிரைத் திறன். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட இருபது விநாடிக்கு மேல் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கான வண்டியே அல்ல அது. ராத்திரி பகல் ஓட்டி அதில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கானது. தெசலோனிகியில் கிரிகோரியோஸ் சாகினிடிஸ் என்ற கிரேக்க டாக்ஸிக்காரர், இதற்கு முந்தைய பாடியில் வந்த 1976-ஆம் வருட 240 டி ஒன்றை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 2004-ல் கம்பெனி மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். எங்கள் முதலாளி காதில் இந்த டாக்ஸி விவகாரம் அப்போதே விழுந்திருந்தால் வண்டியை மறுநாளே கைமாற்றியிருப்பார். ஊருக்கு அது தெரியாது என்பதுதான் அந்த வண்டியின் சொகுசில் பாதி.

மில் மூடிப் பல வருடமாகிறது. சங்கு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட். கேட் மட்டும் அதே கேட், புதுப் பெயிண்டில். என்னிடம் இப்போது ஒரு 240 டி இருக்கிறது. முதலாளியின் வண்டி அல்ல. ஆனால் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். கோவையில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு டபிள்யூ 123-ம் ஏதாவதொரு மில் முதலாளியின் வண்டிதான். கூட்டிப் பார்த்தால் மில்லைவிட முதலாளிகள் அதிகம். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது, புது புல்லட்டின் விலைக்கு முடிந்தது. ஓடோமீட்டர் 3,87,412 காட்டியது. காட்டியது என்றால், அந்த எண்ணிலேயே நின்றுபோயிருந்தது. இந்த மாடல் மீட்டருக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் தன் தண்டிலிருந்து நழுவிவிடும். முள் வேகம் காட்டும், தூரம் ஏறாது. எந்த ஆட்சியில் நழுவியதோ. "இவ்வளவுதானுங்க ஓடியிருக்குது" என்றார் விற்றவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அன்றிலிருந்து எனக்கு உக்கடம் பழக்கம். பழைய இரும்புக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் பாய் ஒருத்தர் பட்டறை வைத்திருக்கிறார். ஸ்கேனர், லேப்டாப் எதுவும் கிடையாது. வண்டியை உள்ளே விட்டதும் பானெட்டைத் திறக்கச் சொல்லமாட்டார். ஓடவிட்டு, ஃபெண்டர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். "இடது மவுண்டிங் போயிருச்சுங் சார்" என்பார். போயிருக்கும்.

அவரிடம் நான் முதலில் பார்த்த வேலை டேப்பட் செட்டிங். ராத்திரியே வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார், இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும் என்று. காலையில் டேப்பட் கவரைக் கழற்றியபோது உள்ளே கேம் ஷாஃப்ட் எண்ணெய்ப் பளபளப்போடு, கீறல் இல்லாமல் இருந்தது. வெளியே கதவுக்கு அடியில் துரு தின்று விரல் போகிறது. உள்ளே நேற்று ஃபேக்டரியிலிருந்து வந்த கோலம். ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு நட். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பவேண்டும். சாதாரண ஸ்பேனர் உள்ளே போகாது. பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இரண்டைப் பாய் தானே சூடுகாட்டி வளைத்து வைத்திருக்கிறார். ஃபீலர் கேஜ் இன்டேக்குக்கு பாயிண்ட் ஒண்ணு, எக்ஸாஸ்டுக்கு பாயிண்ட் மூணு. தகட்டை இடைவெளியில் விட்டு இழுத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, நட்டை மயிரிழை திருப்பி, மறுபடி இழுத்து, இறுக்கினார். எட்டு வால்வு. இடையில் வந்த டீயை ஆறவிட்டுவிட்டார். முடித்து ஸ்டார்ட் செய்தபோது கடகடப்பு குறைந்து ஒரு சீரான தாளம் வந்தது. "இப்பக் கேளுங்" என்றார். கேட்டேன். ஜெர்மன் டாக்ஸிக்காரன் இந்தச் சத்தத்துக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறான்.

அந்தக் காலத்தில் முதலாளி இறங்குமுன் டிரைவர் ஓடிவந்து கதவைத் திறப்பார். இப்போது நான் ஓடுகிறேன், என் மனைவிக்கு. மரியாதையைவிட இதில் வேக்யூமின் பங்கு அதிகம். இந்த வண்டியில் கதவுப் பூட்டு, பிரேக் பூஸ்டர், இன்ஜினை அணைப்பது மூன்றுமே ஒரே வேக்யூம் பம்பை நம்பி நடக்கின்றன. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை, கரண்டை நிறுத்தினால் அது நிற்காது. சாவியைத் திருப்பும்போது மெல்லிய குழாய் வழியாக வேக்யூம் போய் டீசல் பம்பின் வாயை அடைக்கும். ஆகவே கதவுப் பூட்டுக்குள் ஒரு சின்ன ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால், இன்ஜின் அணையாது.

பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டப வாசலில் இது நடந்தது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. மனைவி பட்டுச் சேலையில், மொய்க் கவருடன், யாரோ தெரியாதவர் மாதிரி நாலடி தள்ளி நின்றுகொண்டாள். வாட்ச்மேன் வந்தார்.

"ஏனுங் சார், ஆஃப் பண்ணலீங்களா?"

"பண்ணீட்டனுங்க."

அவர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, பம்ப் பக்கத்தில் 'ஸ்டாப்' என்று பொறித்த லீவரை அமுக்கிப் பிடித்தேன். நின்றது. இப்படி ஒரு முகூர்த்த நாள் வரும் என்று தெரிந்தேதான் ஜெர்மன்காரன் அந்த லீவரை வைத்திருக்கிறான். அதற்குள் மண்டபத்திலிருந்து வந்த பையன்கள் திறந்த பானெட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

பாய் மீன் தொட்டி டியூப் வாங்கிவரச் சொல்லி வெடித்த குழாய்களை மாற்றினார். கிழிந்த டயஃப்ரம் மனைவி உட்காரும் பக்கத்துக் கதவில். அந்தக் கிளைக்கு மட்டும் ஒரு ஸ்குருவை முடுக்கி அடைத்துவிட்டார். இன்ஜின் ஒழுங்காக நின்றது. அந்தக் கதவை மட்டும் நான் சுற்றிவந்து சாவி போட்டுத் திறக்கவேண்டும். சில மாதம் கழித்து உடைப்புக்கு வந்த வண்டி ஒன்றில் நல்ல டயஃப்ரம் கிடைத்தது. வீட்டில் சொன்னேன். "ஏங்க, அது இப்படியே இருக்கட்டுமே" என்றாள். இருக்கிறது.

இனி சாமான் வாங்கும் கதை. முதலாளி காலத்தில் 'பென்ஸ்' என்ற பெயரைச் சொன்னால் கடையில் நாற்காலி போடுவார்கள். இப்போது நஞ்சப்பா ரோட்டில் அந்தப் பெயரை உச்சரித்தால் நாற்காலி வராது, விலை மட்டும் ஏறும். அதனால் ஸ்கூட்டரில்தான் போவேன். கவுண்டரில் சாய்ந்துகொண்டு அலட்சியமாக, "டெம்போ டிராக்ஸ் பழைய மாடல், ஹெட் கேஸ்கெட்" என்பேன்.

பொய்யில்லை. பஜாஜ் டெம்போ, இப்போதைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், டெய்ம்லர்-பென்ஸிடம் உரிமம் வாங்கி ஓ.எம். 616 என்ற இன்ஜினை இங்கேயே தயாரித்து டிராக்ஸிலும் டிராவலரிலும் போட்டது. அந்த ஓ.எம். 616தான் 240 டி-யின் இன்ஜின். எங்கள் அப்பாவைக் குலுக்காமல் கொண்டுவந்ததும், கூரை மேல் வாழைத்தாரும் உள்ளே இருபது பேரும் பின்படியில் நாலு பேருமாக கிராமத்து ஜனத்தை ஏற்றிவந்ததும் ஒரே வம்சம். ரிங், நாசில், ஹீட்டர் பிளக், ஆயில் சீல் என்று என் வண்டியின் உள்ளுறுப்பில் பெரும்பகுதி இப்போது டிராக்ஸ் சாமான். கிடைக்காத புஷ்ஷைக் கணபதி லேத்தில் கன்மெட்டலில் கடைந்து தருகிறார்கள். சீட்டுக்குள் கம்பெனி வைத்த குதிரைமுடி மெத்தை பொடியாக உதிர்ந்துவிட்டதால் குஷன் கடைக்காரர் பொள்ளாச்சித் தென்னை நாரை ரப்பரோடு சேர்த்த ஷீட் போட்டார். வெளிநாட்டிலிருந்துதான் வந்தாகவேண்டும் என்று அடம்பிடிப்பது கண்ணாடி ரப்பரும் விளக்குமே. அவை வரும்போது கூடவே ஒரு சுங்க ரசீதும் வரும். அதை மட்டும் வீட்டில் காட்டுவதில்லை.

மச்சினர் மகனிடம் பத்து வயது ஜெர்மன் கார் ஒன்று இருக்கிறது. என்ன பெயர் என்பது வேண்டாம். ஏர் சஸ்பென்ஷன். ராத்திரி நிமிர்ந்து நிற்கும், காலையில் தரையோடு படுத்திருக்கும். டை கட்டின சர்வீஸ் அட்வைசர் லேப்டாப்பைப் பார்த்து, முழு அசெம்பிளியும் மாற்றவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அதில் எனக்கு இரண்டு பழைய பென்ஸ் வரும். ஒரு முறை பாயிடம் ஓட்டிவந்தான். பாய் ஃபெண்டரில் கை வைத்தார், எடுத்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுங் தம்பி." பையனுக்கு என் வண்டியைப் பார்த்தால் இரக்கம் வரும், அன்றைக்குக் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தான். அதற்காக என் வண்டி மேல் என்று சொல்லவில்லை. அவனுடையது ஓடும் நாட்களில் ஏ.சி. வேலை செய்கிறது.

எஃப்.சி. புதுப்பிக்கும் வேளையில்தான் பழைய அந்தஸ்து முழுசாகத் திரும்பி வருகிறது. பதினைந்து வயது தாண்டிய சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இறக்குமதிக் காருக்கு 40,000. 2025-ல் இருபது வயது தாண்டியவற்றுக்கு இன்னும் ஏற்றி, உள்ளூர்க் காருக்கு 10,000, இறக்குமதிக்கு 80,000 என்று ஆக்கிவிட்டார்கள். என் வண்டி விலையில் கிட்டத்தட்டப் பாதி. ஆர்.டி.ஓ. ஆபீசில் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டே ஒருவர், "இம்போர்ட்டட் சார் இது" என்று பெருமையாகச் சொன்னார். உள்ளே முக்கால்வாசி உள்நாட்டுச் சரக்கு என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். ரசீதில் அதற்கெல்லாம் பத்தி இல்லை.

போன மாதம் பட்டறையில் ஆனைகட்டிப் பக்கத்து டிராக்ஸ்காரர் ஒருத்தர் காத்திருந்தார். புது டிராக்ஸில் காமன் ரெயில் இன்ஜின் வந்துவிட்டதால் பழைய இன்ஜினுக்கு சாமான் அருகிவருகிறது என்று புலம்பினார். எனக்கும் அதே கவலைதான். பேச்சுவாக்கில் என் வண்டியைச் சுற்றிவந்தவர், பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இன்ஜினை மட்டும் கொடுப்பீங்களா? நம்ம டிராக்ஸுக்குச் சரியா உக்காரும். ஒரிஜினல் ஜெர்மன்னா இன்னும் இருபது வருசத்துக்குக் கவலையில்லீங்."

அவர் சொன்ன தொகை நான் முழு வண்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஒரிஜினல்னு சொல்ல முடியாதுங்க. ரிங், நாசில், கேஸ்கெட் எல்லாம் உங்க டிராக்ஸுதுதான்."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்புறம் பென்ஸுன்னு இதுல என்னதானுங்க இருக்குது?"

பாய் தலை நிமிராமல் நாசில் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எஃப்.சி. ஃபீஸுங்க."