தோண்டிய இடம் தெரியக் கூடாது

திருவண்ணாமலையில் பள்ளம் தோண்டக் கருவி கிடைக்காமல் யாரும் திண்டாடியதில்லை. குடிநீர்க் குழாய் பதிப்பவர், கேபிள் போடுபவர், தீபத்துக்குப் பந்தல்கால் நடுபவர் என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். 217 அடிக்கு ராஜகோபுரம் எழுப்பிய ஊர், அதே மும்முரத்தோடு கீழ்நோக்கியும் போய்க்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், தோண்டியதை மூடுவதற்கென்றே ஒரு கருவி வேண்டும் என்று நான் அலைந்தேன்.

எல்லாம் மாமியாரின் கம்மலால் வந்தது. செங்கம் சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. போர்வெல் தொட்டியைச் சுற்றி அருகம்புல் அடர்ந்து கிடக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குப் புல் பறிக்க அங்கே குனிந்தவரின் காதில் திருகாணி கழன்று, ஒற்றைக்கல் கம்மல் புல்லுக்குள் போய்விட்டது. குடும்பமே மண்டியிட்டுத் தேடியும் திருகாணிகூட அகப்படவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனன் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, பெட்டியில் மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்தான். கோயில் வாசலில் போலீஸ்காரர் நம் இடுப்பைத் தடவுகிற மட்டை இல்லை. நீளமான காம்பு, அடியில் வட்டத் தட்டு, தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டியது. மாமியார் பெட்டி திறக்கும்போதே சொல்லிவிட்டார்: “என்ன வேணா பண்ணுங்க மாப்ள. அந்தப் புல்லு மேல மட்டும் கடப்பாரைய வைக்காதீங்க. அது புள்ளையாருது.”

“அதுக்கெல்லாம் வழி இருக்கு மாமா” என்றான் மைத்துனன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சனி ஞாயிறானால் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கும் வயலுக்கும் கிளம்புகிற கூட்டம் இருக்கிறது. தோண்டிய இடம் இடத்துக்காரன் கண்ணில் படக் கூடாது என்பது அவர்களுடைய முதல் சாஸ்திரம். சத்தம் வந்த இடத்தைச் சுற்றி லாட வடிவில் மூன்று பக்கம் புல்லை அறுப்பார்கள். நாலாவது பக்கத்தை வேரோடு விட்டுவிடுவார்கள், அதுதான் கீல். புல்லும் வேரும் மண்ணுமாகப் பாளத்தைப் புரட்டி, உள்ளே இருப்பதை எடுத்து, உதிரி மண்ணை ஒரு துணியில் சேர்த்துக் குழியிலேயே கொட்டி, பாளத்தைப் பழையபடி கவிழ்த்து மிதித்துவிட வேண்டும். ஒரு பக்கம் வேர் அறாமல் இருப்பதால் புல் பட்டுப்போவதில்லை. இதற்கென்றே லெஷி என்று ஒரு கத்தி விற்கிறார்களாம். ஏழு அங்குல அலகு, ஒரு பக்கம் கூர், மறுபக்கம் பல். விலையை ரூபாயில் மாற்றிச் சொன்னான். எனக்குக் கம்மல் மேலிருந்த ஆசையே பாதி போய்விட்டது.

உள்ளூரிலேயே பார்ப்போம் என்று கடைத்தெருவுக்குப் போனோம். தோட்டக் கரண்டி என்று வண்ண வண்ணமாகத் தொங்குகிறது. பூந்தொட்டிக்கு உரம் வைக்க ஆகும். எங்கள் தோப்பில் மேலே இரண்டு விரற்கடை ஈரம், அதற்குக் கீழே செம்மண்ணும் சரளையும். குத்திய குத்தில் கரண்டி கழுத்தை மடக்கி வணக்கம் சொன்னது. கொத்தனார் கரண்டி பூசப் பிறந்தது, குத்தச் சொன்னால் கோபித்துக்கொள்கிறது. களைக்கொத்து உயர்ந்த கருவிதான், ஆனால் அது ஓங்கி வெட்டும் ஜாதி. முதல் வெட்டில் புல் பெயரும், அடுத்த வெட்டில் கம்மல் இரண்டாகும். போர் போடுகிறவர் ஒருவர், ஜி.ஐ. பைப்பின் வாயில் பல் வெட்டித் திருகி இறக்கினால் மண் முழுசாக வந்துவிடும் என்றார். இறங்கியது உண்மை. வந்த மண் பைப்பை விட்டு வெளியேற மறுத்ததும் உண்மை.

கடைசியில் அவலூர்ப்பேட்டை சாலைப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனோம். துருத்தி இருந்த இடத்தில் கரண்ட் ஊதுவான் வந்திருந்தது. மற்றபடி அதே உலை, அதே பட்டடைக்கல். பெரியவர் அரிவாள் காய்ச்சிக்கொண்டிருந்தார். மைத்துனன் தாளில் படம் போட்டுக் காட்டினான்.

“இது இன்னாத்துக்கு சார்?”

“புல்லை அறுத்துப் புரட்டி, கீழ இருக்கிறத எடுத்துட்டு, திரும்ப மூடறதுக்கு.”

“மூடறதுக்கா?”

“ஆமாங்க. தோண்டின இடமே தெரியக் கூடாது.”

சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான். பெரியவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த ஊரு கோயிலு?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2025 நவம்பரில் எங்கள் மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலைக் கோவிலூர் சிவன் கோயிலில் திருப்பணி நடந்தபோது மண்கலயத்தில் 103 தங்கக் காசுகள் வெளிப்பட்டன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 505 காசுகள். இரண்டு இடத்திலும் யாரும் தேடிப் போகவில்லை, டிடெக்டர் ஆட்டவும் இல்லை. வேறு வேலையாக மண்ணைத் தோண்டினார்கள், வந்தது. அதிலிருந்து இந்தப் பக்கத்தில் யார் தோண்டினாலும் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். சட்டமும் எட்டிப் பார்க்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. விக்டோரியா மகாராணி காலத்துப் பத்து ரூபாய் அது. இன்றுவரை மாற்றவில்லை. தேரடித் தெருவில் ஒரு டீயே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

மைத்துனனுக்குக் கிரிவலப் பாதையிலும் ஒரு கண் இருந்தது. 14 கிலோமீட்டர், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான கால்கள், எத்தனை மெட்டி விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டான். ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் கோயிலும் ஆசிரமமும். மெட்டி கிடைக்கும் முன்னால் கைக்கு விலங்கு கிடைக்கும் என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பெரியவரைச் சமாதானப்படுத்த அவன் சரித்திரத்தில் இறங்கினான். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வில், இரும்பு நம் மண்ணில் 5,300 ஆண்டுப் பழமை என்று வந்திருக்கிறது. சிவகளையில் கி.மு. 3345. நம்ம வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டியில் எடுத்த ஈமப்பேழைக்கே கி.மு. 1692. “உங்க தொழிலுக்கு அவ்ளோ வயசுங்க ஐயா” என்று முடித்தான். பெரியவர் உலையைக் கிளறிக்கொண்டே, “அப்போ அடிச்ச அரிவாளுக்கே இன்னும் கூலி பாக்கி நிக்கும்” என்றார்.

மாமியார் காதுக் கம்மல் என்று நான் குறுக்கே புகுந்த பிறகுதான் முகம் மாறியது. “பொம்பள நகைன்னு மொதல்லயே சொல்றதில்ல?”

லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு உலைக்குப் போனது. பாரத்துக்கு வளைந்து மறுபடி நிமிர்ந்தே பழகிய இரும்பு. தோட்டக் கரண்டியின் தகரத்துக்கும் இதற்கும் பேச்சே இல்லை. “எந்தக் கொத்தும் கழுத்துலதான் சார் ஒடையும்” என்றவர், அலகையும் வாலையும் ஒரே துண்டாக இழுத்தார். வால் கைப்பிடியின் முழு நீளத்துக்கும் ஓடி, பின்னால் தலை காட்டி, அங்கே தட்டி மடக்கப்பட்டது. மண் வழியாமல் இருக்க அலகுக்கு லேசான குழிவு. ரம்பப் பல் மட்டும் வைக்க மாட்டேன் என்றார். ரம்பம் மரத்துக்காம். புல்லுக்கு நெல் அறுக்கும் கருக்கரிவாள் இருக்கும்போது அமெரிக்காவைக் கேட்பானேன்? சின்ன உளியால் ஓரத்தில் கருக்கு வெட்டிக்கொண்டே போனார். பல்லுக்குப் பல் நூலிடை, அத்தனையும் பிடியைப் பார்த்துச் சாய்ந்தபடி. தள்ளும்போது வழுக்கும், இழுக்கும்போது அறுக்கும். பிறகு காய்ச்சி, கூர் மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்தார். முழுதாக முக்கினால் கல்லில் பட்டதும் தெறித்துவிடுமாம். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்லக் கூருக்கு இறங்கி வந்தது. இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடிப் பழுப்பாகும் நேரம் பார்த்து மறுபடி ஒரு முக்கு. அந்த நேரத்தை எப்படிக் கணிக்கிறீர்கள் என்று கேட்டேன். “பார்த்தாத் தெரியும்” என்றார். எனக்குத் தெரியவில்லை.

தோப்பில் டிடெக்டர் முதலில் கண்டுபிடித்தது மேற்பார்வைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியாரின் மெட்டி. அடுத்து என் வெள்ளி அரைஞாண். மூன்றாவதாகப் பக்கத்தில் வைத்த புதுக் கொத்து. இவற்றையெல்லாம் அப்புறப்படுத்திய பிறகு (மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றதால் மாமியார் நாற்காலியோடு அப்புறப்படுத்தப்பட்டார்) நிஜமான தேடல் தொடங்கியது. மெல்லிய தங்கத்துக்கும் அலுமினியத் தாளுக்கும் இந்த யந்திரம் ஏறக்குறைய ஒரே குரலில்தான் கத்தும். மாத்திரை அட்டைதானே என்று விட்டுவிட முடியாது. கத்திய இடமெல்லாம் அறுத்தாக வேண்டும். கொத்து வேலை செய்த அழகை என்ன சொல்ல! கருக்கு இழுத்த இழுப்புக்கு வேர் சரசரவென்று வழிவிட்டது, பாளம் உடையாமல் புரண்டது. உள்ளே ஆணி, சோடா மூடி, சர்க்கரை மாத்திரை அட்டை, 2011-லேயே செல்லாமல் போன இருபத்தைந்து பைசா. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோப்புக்காரர் முதல் நாள் வெறுமனே நின்றார், மறுநாள் மனைவியோடு நின்றார்.

எல்லாப் பாளத்தையும் அத்தனை நேர்த்தியாக மூடியதில், எங்கே தோண்டினோம் என்பது எங்களுக்கே தெரியாமல் போயிற்று. ஒரே ஆணி இருந்த இடத்தை மறுபடி அறுத்து, காலிக் குழியை வெகுநேரம் துழாவினோம். அதன்பிறகு மூடிய ஒவ்வொரு இடத்திலும் மாமியார் ஒரு ஈர்க்குச்சியைச் செருகிவிட்டார். பக்கத்துத் தோப்புக்காரர் அதைப் பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்.

கம்மல் இன்னும் கிடைக்கவில்லை. மைத்துனன் டிடெக்டரை வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, கொத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே அவனுடைய கூட்டாளிகள் கருக்கைத் தடவிப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று கேட்கிறார்களாம். பட்டறையில் போய்ச் சொன்னேன்.

“அங்கயும் மூடத்தான் செய்வாங்களா?”

“ஆமாங்க.”

“இன்னா ஊரு சார் அது!” என்றவர், கூலி முழுவதையும் முன்னாலேயே எண்ணி வாங்கிக்கொண்டார்.