இளைக்கும் சூரியன்

கேள்வி: சூரியன் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறதாமே, நிஜமா?
– ஒரு வாசகர், ஓசூர் சிப்காட்

பதில்: நிஜம்தான். அணுக்கரு இணைவில் விநாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் ஒளியாகவும் வெப்பமாகவும் கிளம்பிவிடுகிறது. ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் இத்தனை சரக்கு குறைந்தால் லாரி டிரைவர் கதி என்ன? சூரியனுக்குக் கவலையில்லை; 460 கோடி ஆண்டுகளில் இப்படிப் போனது மொத்த எடையில் 0.03 சதவீதம்தான்!

விஷயமே மையத்தில்தான் இருக்கிறது. அங்கே 70 சதவீதமாக இருந்த ஹைட்ரஜன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஹீலியம் சேரச்சேர மையம் சுருங்கிச் சூடேறுகிறது. பிறந்தபோது இருந்ததைவிட இன்று சூரியனுக்குப் பிரகாசம் கூடுதல். ஆளும் இளைத்து, கோபமும் ஏறினால் எப்படி? ஆனால் கிருஷ்ணகிரி மாம்பழ சீசன் வெயிலுக்கு இதைக் காரணம் காட்டாதீர்கள். அந்த ஏற்றம் 100 கோடி ஆண்டுகளுக்குச் சுமார் பத்து சதவீதம்தான்.